கட்டாதவர் யார்?

பிரதேச சபைக் கூட்டம் எண்டாலும் சரி, பத்திரிகையின் பிராந்தியச் செய்திப் பக்கம் எண்டாலும் சரி, அடிக்கடி ஒரு சொல் வந்து போகும்: கட்டாக்காலி. "கட்டாக்காலி நாய்களின் தொல்லை அதிகரிப்பு." "கட்டாக்காலி நாய்களைக் கட்டுப்படுத்துமாறு மக்கள் கோரிக்கை." கல்லடியிலயும் இதே செய்திதான், களுவாஞ்சிகுடியிலயும் இதேதான், வாழைச்சேனையிலயும் இதேதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் சரி.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. காலி எண்டால் மாடு. கட்டாக்காலி எண்டால் கட்டி வைக்காத மாடு. கட்டியிருக்க வேண்டிய ஒருவர் கட்டாமல் விட்டதால் ரோட்டுக்கு வந்த மாடு. அப்போ சொல்லுக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கிறார். நாங்கள் அந்த ஆளை மறந்துவிட்டு, அது ஏதோ நாயின் பிறவிக் குணம் மாதிரி அந்தச் சொல்லைப் பாவிக்கிறம். கட்டாத மனிசர் செய்தியில் வருவதேயில்லை.

இந்தக் கட்டுரை அந்த மனிசரைப் பற்றியது. நாய் பூனையில் அன்பு வையுங்க எண்டு கேட்க நான் வரவில்லை. அன்பு எங்களிடம் தேவைக்கு மேல இருக்கு. பேஸ்புக்கில், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில், "எங்கட வீட்டுப் பிள்ளை" எண்டு போடுற படங்களில் அது நிரம்பி வழியுது. இல்லாதது பொறுப்பு. வாயால் அது பிள்ளை, சட்டத்தில் அது சாமான், பெட்டைக் குட்டி போட்டுவிட்டால் அது குப்பை. இந்த மூண்டையும் ஒரே வீடு, ஒரே வாரத்தில் செய்யுது. அதைக் கேட்க இந்த நாட்டில் ஒரு சட்டமும் உருப்படியாக இல்லை.

2025 ஜனவரியில் முல்லைத்தீவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாய் ஒரு வீட்டு ஆட்டைக் கடிச்சது எண்டு முறைப்பாடு. விசயம் மத்தியஸ்த சபைக்குப் போச்சு. நாயை ஆட்டுக்காரரிடம் ஒப்படைக்கச் சொல்லி முடிவானது. ஒப்படைக்கப்பட்ட நாய் தூக்கில் தொங்கவிடப்பட்டது. படங்கள் சமூக வலைத்தளங்களில் பரவ, ஒட்டுசுட்டான் பொலிஸார் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். நாடு முழுக்கக் கொதிச்சது. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்தப் பெண்ணைத் திட்டாத ஆள் இல்லை.

நடந்தது கொடுமை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தக் கொதிப்பில் கேட்கப்படாமல் போன கேள்விகள் மூண்டு இருக்கு.

முதலாவது, ஆடு. வன்னியிலும் படுவான்கரையிலும் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆடு எண்டால் சேமிப்புப் புத்தகம். பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால், பாடசாலைக்குச் சப்பாத்து வாங்க வேண்டி வந்தால், விக்கிறது அதைத்தான். அந்த இழப்பைக் கொழும்பில இருந்து கொதிச்சவர்கள் கண்டுகொள்ளவேயில்லை. இரண்டாவது, ஆட்டைக் கடிக்கும்வரை அந்த நாயை அவிழ்த்து விட்டது யார்? மூண்டாவது, ஒரு உயிரை நட்டஈடாகக் கைமாற்றுகிற முடிவு எப்படி வந்தது?

மூண்டாவதுக்குப் பதில் லேசு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற மத்தியஸ்த சபைகள் நீதிமன்றம் இல்லை. ஊரில் உள்ள பெரியவர்கள் இருந்து, இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்திப் பிணக்கைத் தீர்க்கிற இடம். வேலிச் சண்டை, கடன், அடிபிடி எண்டு எத்தனையோ அங்க தீர்ந்திருக்கு. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களின் கையில் என்ன இருந்தது? நாய் ஒரு பொருள், அதற்கு ஒரு சொந்தக்காரர், நட்டம் வந்தால் பொருளைக் கொடு. இந்த நாட்டுச் சட்டம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான். நாயைக் கட்டி வளர்க்காத ஆள் ஆட்டின் பெறுமதியைக் காசாகக் கட்ட வேணும், நாய்க்கு ஊசி போட்டிருக்கா எண்டு காட்ட வேணும், இனிமேல் கட்டி வைக்கிறன் எண்டு எழுதிக் கொடுக்க வேணும் எண்டு ஒரு வழக்கம் எங்களிடம் இருந்திருந்தால், ஆட்டுக்காரருக்கும் நியாயம் கிடைச்சிருக்கும், நாயும் செத்திருக்காது. கடைசியில் நாய் செத்தது, ஆட்டுக்காரப் பெண் கைதானார். வளர்த்த பக்கத்தின் பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.

சட்டத்துக்கு வருவம். நாய் பூனையைப் பற்றி இலங்கையில் இருக்கிற முக்கியமான சட்டங்கள் நாலும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் மிருகத்தைக் கொல்லுவதோ முடமாக்குவதோ சொத்துக்குச் சேதம் விளைவிக்கிற குற்றத்தின் ஒரு பகுதி. 10 ரூபாவோ அதற்கு மேலோ பெறுமதியான மிருகம் எண்டு அதில் விலை போட்டிருக்கு. குற்றம் மிருகத்துக்கு எதிரானது இல்லை, அதன் சொந்தக்காரரின் பொக்கற்றுக்கு எதிரானது. 1893ஆம் ஆண்டு விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் நாயை நோயாகப் பார்க்குது. 1901ஆம் ஆண்டு நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், நாய் வளர்க்கிறவர் உள்ளூராட்சி சபையில் வருடாவருடம் பதிய வேணும் எண்டு சொல்லுது. 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம்தான் மிருகத்துக்கு வலிக்கும் எண்டு ஒத்துக்கொண்டது. அதற்குப் போட்ட தண்டம் 100 ரூபா, அல்லது மூண்டு மாதம் வரை சிறை. 1907இல் 100 ரூபா பெரிய காசு. இண்டைக்கு அதில் ஒரு சோத்துப் பார்சல்கூட வராது.

இன்னொரு விசயம் கவனிச்சீங்களா? 1901 சட்டத்தின் பெயரிலேயே நாய் மட்டும்தான் இருக்கு. பூனை சட்டத்தின் கண்ணில் படவேயில்லை. மீன் சந்தையில பிறந்து மீன் சந்தையிலயே சாகிற பூனைக்குச் சொந்தக்காரரும் இல்லை, பதிவும் இல்லை.

இதை மாற்றுகிற கதை எப்போ தொடங்கினது? 2006இல் சட்ட ஆணைக்குழு மிருக நலச் சட்டமூலம் ஒண்டை வரைஞ்சு கொடுத்தது. அடிக்காதே எண்டு மட்டும் சொல்லாமல், வளர்க்கிறவருக்குப் பராமரிக்கிற கடமை இருக்கு எண்டு சொன்ன வரைபு அது. 2010இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வந்தார். 2016 ஜனவரியில் அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. ஜனாதிபதிகள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, நாடு வங்குரோத்தாகி எழும்பவும் தொடங்கிட்டுது. வரைபு இன்னும் வரைபாகவே நடந்து திரியுது.

இதில் ஒரு பகிடி இருக்கு. எங்களுக்கு 1907 சட்டத்தைத் தந்த பிரித்தானியா, தனக்கு 1911இல் செய்த அதே மாதிரியான சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் புதிய மிருக நலச் சட்டத்தைக் கொண்டு வந்தது 2006இல்தான். எங்கட வரைபு வந்த அதே வருடம். அங்க வளர்ப்பவர் சாப்பாடு, இருப்பிடம், வைத்தியம் கொடுக்கத் தவறினாலே குற்றம். 2021இல் கொடுமைக்கான ஆகக்கூடிய தண்டனையை அஞ்சு வருடச் சிறையாக உயர்த்தினார்கள். 2024 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுப் பூனைக்கும் கட்டாயம் மைக்ரோசிப் போட வேணும். தந்தவன் மாற்றிவிட்டான், வாங்கின நாங்கள் இன்னும் அவன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிறம்.

மற்ற நாடுகளும் நகர்ந்திருக்கு. "மிருகங்கள் பொருட்கள் அல்ல" எண்டு ஒஸ்ரியா 1988இலும் ஜேர்மனி 1990இலும் தங்கட சிவில் சட்டத்தில் எழுதின. பிரான்ஸ் 2015இல் உணர்வுள்ள உயிர்கள் எண்டு எழுதினது. ஸ்பெயினில் 2022 தொடக்கம், கணவன் மனைவி பிரியும்போது வீட்டு நாய் யாரோட இருக்க வேணும் எண்டு நீதிபதி அந்த நாயின் நலனையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும். ஆனால் இதைக் கேட்டு ஆவெண்டு வாய் பிளக்கத் தேவையில்லை. அந்த நாடுகளிலும் நாய் விக்கப்படுது, வாங்கப்படுது. "பொருள் அல்ல" எண்டு எழுதின பிறகும், வேறு சட்டம் இல்லாத இடத்தில் பொருளுக்கான விதிதான் பாயுது. அங்க உண்மையாக மாறினது இந்த வாசகம் இல்லை. வளர்க்கிறவருக்கு ஒரு பெயர், ஒரு இலக்கம், ஒரு கடமை வந்தது. நாய்க்குள்ள சிப் போட்டால் நாயின் தகுதி மட்டும் உயரவில்லை. அதைக் கொண்டுபோய் ரோட்டில் விட்டவரின் முகவரி கையில் கிடைக்குது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

சட்டம் அசையாட்டியும் சமூகம் அசைஞ்சுகொண்டுதான் இருக்கு. ஆனால் எந்தப் பக்கம் அசையுது எண்டு பாருங்க.

மட்டக்களப்பில் நாய் எண்டால் முந்தி காவல். வயல் வாடியில, மாட்டுப்பட்டியில, தோணி இழுத்து வைக்கிற கரையில, யானை வருகிற படுவான்கரைக் கிராமங்களில நாய் இல்லாமல் இரவைக் கழிக்க ஏலாது. பூனை எண்டால் நெல்லு மூட்டைக்கும் எலிக்கும் நடுவில நிண்ட ஆள். "செல்லப்பிராணி" எண்ட சொல்லே எங்கட வாய்க்குப் புதுசு. இப்போ டவுனில் பக்கற் சாப்பாடு விக்குது. வெளிநாட்டுக் காசில் ஜேர்மன் ஷெப்பர்ட்டும் பொமரேனியனும் பேர்சியன் பூனையும் வருது. இணைய விளம்பரங்களில் "உயர்சாதி நாய்க்குட்டிகள் விற்பனைக்கு" எண்டு போடுறார்கள்.

உயர்சாதி. அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதுறம், கூச்சமில்லாமல் வாசிக்கிறம். "சாதி நாய்" ஒரு பக்கம், "ஊர் நாய்" மறுபக்கம். இதில் ஆங்கிலேயனும் எங்களுக்குக் கை கொடுத்திருக்கிறான். தெருவில் திரிகிற உள்ளூர் நாய்க்கு அவன் வைத்த பெயர் "பறையா டோக்". எங்கட ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை எடுத்து, வேண்டாத உயிர் எண்ட அர்த்தத்தில் தன் மொழியில் சேர்த்து, அதை நாய்க்குச் சூட்டினான். மனிசரையும் அவமதிச்சு நாயையும் அவமதிச்ச சொல் அது. அந்த ஏணியை நாங்கள் இறக்கி வைக்கவில்லை. விலையைக் கட்டி இன்னும் உயர்த்தி வச்சிருக்கிறம்.

அதனால்தான் சொல்லுறன், இஞ்ச உயர்ந்தது உயிரின் மதிப்பு இல்லை, விலையின் மதிப்பு. 75,000 ரூபா கொடுத்து வாங்கின குட்டி களவு போனால் பொலிசில் முறைப்பாடு, பேஸ்புக்கில் பரிசுத்தொகை. பத்து வருசம் வாசலில் கிடந்து காவல் காத்த ஊர் நாயை பஸ் அடிச்சுப் போட்டால், இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். 1883இன் 10 ரூபாக் கணக்கு அப்படியேதான் ஓடுது.

இனி, ஒருவரும் பேச விரும்பாத விசயம்: பெட்டைக் குட்டி.

நாய்க்குட்டி கேட்டு வருகிறவர் முதலில் கேட்பது, "கடுவனா பெட்டையா?" கடுவன் எண்டால் எடுப்பார். பெட்டை எண்டால், "வேணாம் மனே, அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்." மிஞ்சுகிற பெட்டைக் குட்டிகள் என்ன ஆகுது? உரப்பைக்குள்ள, காட்போட் பெட்டிக்குள்ள, இரவில், மோட்டார்சைக்கிளில். சந்தைக்குப் பின்னால, கோயில் வீதியில, பாடசாலை மதிலோரத்தில, வாவிக் கரையில, பாலத்துக்கு அங்கால. விட்டவர் வீட்டுக்கு வந்து சொல்லுவார்: "கொல்ல மனம் வரல்ல. பாவம். எங்கயாவது பிழைச்சுக்கொள்ளட்டும் எண்டு விட்டுட்டு வந்தன்."

இதை நாங்கள் இரக்கம் எண்டு சொல்லுறம். கண் திறந்து கொஞ்ச நாளான குட்டி எதைத் திண்டு பிழைக்கும்? பத்தில் ஒண்டு தப்பினால், அதுதான் அடுத்த வருசம் அதே மதிலோரத்தில் குட்டி போடும். ஒரு பெட்டை நாய் வருசத்துக்கு இரண்டு தடவை குட்டி போடலாம், ஒரு ஈற்றில் அஞ்சு ஆறு குட்டி. பூனை இன்னும் வேகம். "கட்டாக்காலித் தொல்லை" வானத்தில இருந்து விழவில்லை. அது எங்கட வளவுகளில் பிறந்து, எங்கட மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனது. அதே ஆள்தான் அடுத்த மாதம் சபையிடம் போய், "நாய்த் தொல்லை தாங்க ஏலாது, ஏதாவது செய்யுங்க" எண்டு மகஜர் கொடுப்பார்.

விடப்பட்ட இடத்தில் யார் இருக்கிறார்கள் எண்டும் பார்க்க வேணும். மதில் கட்டி கேற் போட்ட வீட்டுப் பிள்ளை வானில் பள்ளிக்கூடம் போகும். நடந்து போகிற பிள்ளையைத்தான் நாய் துரத்தும். விடியச் சாமத்தில் மீன் ஏற்றப் போகிறவரை, சைக்கிளில் பாண் விக்கிறவரை, சுத்திகரிப்புத் தொழிலாளியைத்தான் கடிக்கும். ஒருவரின் செல்லத்தின் மிச்சத்தை இன்னொருவரின் காலில் இறக்கி வைக்கிறம்.

விசர்நாய்க்கடி சின்ன விசயம் இல்லை. நோய்க்குறி வெளிப்பட்டால் அனேகமாக மரணம்தான். கடிபட்ட உடனே பதினைஞ்சு நிமிடம் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணியும் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டால் உயிர் தப்பும். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் இந்த நோயால் செத்தார்கள். இப்போது அது வருசத்துக்கு இருபது முப்பது எண்ட அளவுக்கு வந்திருக்கு. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு இலவசமாக ஊசி கிடைச்சதும்தான் காரணம். ஒரு இடத்தில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனால் ஊசி போடாத புதுக் குட்டிகளை நாங்கள் மாதாமாதம் ரோட்டில் இறக்கிக்கொண்டிருந்தால் அந்த 70 எப்படி நிக்கும்? வைத்தியசாலையில் கடிக்குப் போடுகிற ஊசி இலவசம் எண்டு நினைக்கிறம். அது எங்கள் எல்லாருடைய வரிக்காசு. மூண்டு வேளை சாப்பிடாதவரும் சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிற வரி.

இனி எதிர்ப்பேச்சுக்கு வருவம்.

"எல்லாத்தையும் பிடிச்சு அழிச்சால் முடிஞ்சுது" எண்டு சொல்லுகிறவர்களுக்கு: பல தசாப்தம் அதைத்தான் செய்தார்கள். 2006இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச காலத்தில் கொல்லாமைக் கொள்கை வரும்வரை, சபைகள் நாயைப் பிடித்துக் கொண்டே இருந்தன. நாய் குறைஞ்சுதா? ஒரு சந்தியில் உள்ள நாயை அள்ளினால் அந்த இடத்துச் சாப்பாட்டுக் கழிவு அப்படியே கிடக்கும், அடுத்த சந்தி நாயும் அடுத்த உரப்பைக் குட்டியும் அதற்கு வரும். இந்தியாவில் 2025 ஓகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினொரு நாளில், ஓகஸ்ட் 22இல், விசர் பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றதைக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி மாற்றினது. அடைக்க இடமும் ஆளும் காசும் எங்க எண்ட கேள்விக்குப் பதில் இல்லை.

அதே நேரம், கொல்லாமை எண்டால் ஒண்டும் செய்யாமை எண்டு ஆக்கி வைத்திருக்கிற அதிகாரிகளுக்கும், பின்னேரம் சோறு வைத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைக்கிற நண்பர்களுக்கும்: சோறு வைக்கிற கை ஊசிக்கும் கருத்தடைக்கும் பிடித்துக் கொடுக்க வேணும். இல்லாட்டி நீங்கள் வளர்க்கிறது அடுத்த ஈற்றைத்தான்.

"முஸ்லிம் ஊர்களில் நாயே பிடிக்காது, அங்க போய் இதைப் பேச ஏலுமா?" எண்டு எங்கட பக்கத்தில் சிலர் நக்கலாகக் கேட்பார்கள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் சுத்தம் செய்ய வேண்டிய ஒருவருக்கு, நாய் தன் வாசலுக்கு வராமல் இருக்க வேணும் எண்டு கேட்க முழு உரிமை இருக்கு. அந்த மார்க்கத்தில்தான் தாகத்தில் தவிச்ச நாய்க்குச் சப்பாத்தில் தண்ணி மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைச்ச கதையும், பூனையைப் பட்டினி போட்டு அடைச்சவருக்குத் தண்டனை கிடைச்ச கதையும் ஹதீஸில் இருக்கு. வாவிக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி ஒட்டிக்கொண்டுதான் கிடக்கு. எங்கட குட்டியை எங்கட ஊர் எல்லையில் விட்டால் அது யாருடைய ஊருக்குள் போகும்? நாயைக் கட்டி வளர்ப்பது இஞ்ச அயலவருக்குக் கொடுக்கிற மரியாதையும்தான்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பேச்சு வேற ஒண்டு. "மனிசருக்கே நீதி கிடைக்காத மண்ணில நாய்க்கு என்ன சட்டம்?" இதை நான் தள்ளிவிட மாட்டன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படத்தோட ரோட்டோரத்தில் இருக்கிற மாவட்டம் இது. அந்தத் தாய்க்கு முன்னால் நாயின் உரிமை எண்டு பதாகை தூக்க எனக்கு வாய் வராது. மனிசரையும் நாயையும் ஒரே தராசில் வைக்கவும் நான் கேட்கவில்லை.

ஆனால் நீதி கூப்பன் கடை வரிசை இல்லை, முன்னால் நிக்கிறவருக்கு முடிஞ்ச பிறகுதான் பின்னால் உள்ளவருக்கு எண்டு. நான் கேட்கிற விசயத்தைத் திரும்பப் பாருங்க: ஊசி போடாத நாயால் நடந்து போகிற பிள்ளை சாகக்கூடாது. ஆட்டை இழந்தவருக்கு நட்டஈடு கிடைக்க வேணும். செய்தவர் பொறுப்புச் சொல்ல வேணும். இது மனிசருக்கான நீதி இல்லையா? "சொந்தக்காரர் இல்லை, கேட்க ஆளில்லை, அதனால் என்னவும் செய்யலாம்" எண்ட நினைப்பை நாங்கள் வேற இடங்களில் அனுபவிச்சவர்கள். அது சின்ன உயிரில் பழகப்படும்போது சும்மா இருக்க எங்களுக்குத்தான் காரணம் குறைவு.

கன்றை இழந்த பசு மணி அடிச்ச கதை எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. மனுநீதிச் சோழன் எண்டு தமிழ்நாட்டில் சொல்லுவார்கள், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் இருக்கு. அதே கதையை மகாவம்சம் அனுராதபுரத்து எல்லாளனைப் பற்றிச் சொல்லுது. எதிரி எண்டு எழுதின அரசனைப் பற்றியும் அவன் நீதியை மறைக்காமல் எழுதி வச்சிருக்கு. அந்தக் கதையில் அரசனுக்குப் பசுவில் பாசம் எண்டு எங்கயும் வராது. தேர் தன் வீட்டுத் தேர், ஓட்டினவன் தன் மகன், அதனால் பதில் சொல்ல வேண்டியவன் தான் எண்டுதான் வரும். நாங்கள் கதையை வச்சுக்கொண்டு பட்டிமன்றம் நடத்துறம். மணி அடிச்சால் மட்டும் காது கேட்குதில்லை.

"ஏழைகளால் ஏலாது" எண்டது நியாயமான கேள்வி. தனியார் வைத்தியரிடம் ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்கிற காசு கூலி வேலை செய்கிறவருக்குப் பல நாள் சம்பளம். தண்டம் மட்டும் போட்டால் அவர்கள் நாயை இன்னும் அவசரமாகக் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே சேவை முன்னுக்கு, தண்டம் பின்னுக்கு வர வேணும். வெல்லாவெளியில இருக்கிறவர் நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில டவுனுக்கு வருவார் எண்டு எதிர்பார்க்க ஏலாது. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்து கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில், குறிச்ச ஒரு நாளில், ஊசியும் கருத்தடையும் பதிவும் ஒரே மேசையில் செய்ய வேணும். காவலுக்கு வளர்க்கிற ஊர் நாய்க்கு இலவசமாக. அந்தக் காசில் ஒரு பங்கை, குட்டி வித்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு உரிமக் கட்டணம் போட்டு எடுக்கலாம்.

வெள்ளத்தையும் சேர்த்துத்தான் பேச வேணும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த மாவட்டம் எப்படிக் கிடந்தது எண்டு பெரியவர்களுக்குத் தெரியும். மாரியில் தாழ்நிலக் கிராமங்கள் இப்பவும் பாடசாலைகளுக்கு இடம்பெயருது. முகாமில் நாய்க்கு இடமில்லை. கட்டினபடியே விட்டுவிட்டு வந்தால் தாழும், அவிழ்த்து விட்டால் கட்டாக்காலி. இழப்புக் கணக்கெடுக்க வருகிறவர் மாடு, ஆடு, கோழி எண்டு எழுதுவார். நாயும் பூனையும் அந்தப் பட்டியலில் வராது. வெளியேற்றத் திட்டத்தில் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலும் கயிறும் எண்டு ஒரு வரி எழுதினால், நாயை விட்டுவர மனமில்லாமல் வெள்ளத்துக்குள்ள நிக்கிற மனிசரும் வெளியே வருவார்.

இதுக்கெல்லாம் நாடாளுமன்றம் அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மிருக நலச் சட்டம் வர வேணும், 100 ரூபாத் தண்டம் போக வேணும், வளர்ப்பவரின் கடமை சட்டத்தில் ஏற வேணும், பூனையும் அதில் இருக்க வேணும். அது கொழும்பிடம் கேட்கிறது. ஆனால் பதிவுச் சட்டம் 1901இலிருந்து எங்கட சபைகளின் கையில்தான் இருக்கு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2025 மே 6இல் வாக்குப் போட்டு நாங்கள் சபைகளைத் தெரிவு செய்தம். வீதி விளக்கும் வடிகானும் கேட்கிற அதே ஆளிடம் இதையும் கேளுங்க: இந்த வருசம் எத்தனை நாய் பதிஞ்சீங்க? அதில் எத்தனைக்கு ஊசி? கருத்தடைக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க? குட்டி கொண்டுபோய் விட்ட ஒருவருக்காவது தண்டம் போட்டீங்களா?

அவர் பதில் தேடுகிற நேரத்தில், எங்கட வளவையும் ஒருக்காப் பார்ப்பம். படலைக்குள்ள படுத்திருக்கிற பெட்டை நாய்க்கு வைக்கிற சோத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அதுக்குப் பெயர் இருக்கு, படம் இருக்கு, ஸ்டேட்டஸும் இருக்கு. ஊசி போட்ட அட்டை இருக்கா? போன ஈற்றுக் குட்டிகள் இப்போ எங்க?